‘பவர்’ என்ற சொல்லை மறந்துவிடுங்கள்: செவிலிய மாணவர்களுக்கு மருந்தியல் அரிச்சுவடி

“இது 500 பவர் மாத்திரை, அடிக்கடி போடக் கூடாது. அது வெறும் 5 பவர்தான், பயமில்லாமல் கொடுக்கலாம்.”

நோயாளியின் உறவினர் இப்படிச் சொன்னால் பொறுமையாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். என்னிடம் சொன்னவர் மூன்றாம் ஆண்டு செவிலிய மாணவி. மருந்தியல் தாளில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவர். எந்த மருந்துக்கு என்ன பக்க விளைவு என்று நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். உறையில் அச்சிட்டிருக்கும் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மருந்தியலை நாங்கள் பட்டியல்களாகவே கற்பிக்கிறோம். பட்டியலுக்குப் பின்னால் ஓடும் இயக்கம் விடுபட்டுப்போகிறது.

அந்த எண் வெறும் எடை. 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரையில் அந்த வேதிப்பொருள் அரை கிராம் இருக்கிறது. சர்க்கரை நோய்க்குத் தரும் 5 மி.கி. கிளிபென்கிளமைடு மாத்திரையில் இருப்பது அதில் நூறில் ஒரு பங்கு எடை. உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் தவறுதலாக ஒரு பாராசிட்டமாலைக் கூடுதலாக விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோயே இல்லாத ஒருவருக்கு வார்டில் ஆள் மாறி ஒரே ஒரு கிளிபென்கிளமைடு போய்விட்டால், ரத்தச் சர்க்கரை மணிக்கணக்கில் சரிந்து நினைவு தப்பும் நிலைவரைகூடப் போகலாம்.

குறைந்த எடையிலேயே வேலையைக் காட்டும் தன்மைக்கு வீரியம் என்று பெயர். வீரியம் கூடிய மருந்துதான் சிறந்தது என்றும் பொருளில்லை. சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளில் 40 மி.கி. ஃப்யூரோசமைடும் 1 மி.கி. பூமெட்டனைடும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு வெவ்வேறு மருந்துகளை மில்லிகிராமை வைத்து ஒப்பிடுவது, புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வதைப் போன்றது.

செவிலியர் மனதில் வைத்திருக்க வேண்டிய அளவு ரத்தத்தில் இருக்கிறது. விழுங்கியதில் எவ்வளவு அங்கே வந்து சேர்ந்தது, எவ்வளவு நேரம் தங்கும், எப்போது தீரும்? நீங்கள் மனப்பாடம் செய்யும் பாதுகாப்பு விதிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவைதான். அதற்கு முன், ரத்தத்தில் வந்து சேர்ந்த மருந்து என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பூட்டும் இரண்டு வகைச் சாவிகளும்

பெரும்பாலான மருந்துகள் உடலுக்குப் புதிய வேலை எதையும் கற்றுத் தருவதில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையை முடுக்கிவிடுகின்றன, அல்லது நிறுத்தி வைக்கின்றன. இதை எப்படிச் செய்கின்றன என்பதற்கான முதல் துப்பு 1905-இல் கிடைத்தது. பிரிட்டனைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஜான் லாங்லி, தசையின் மீது நிக்கோட்டினை வைத்தார், தசை சுருங்கியது. க்யூராரே என்ற நஞ்சைச் சேர்த்தபோது நிக்கோட்டினின் விளைவு தடைபட்டது. தசையில் இந்த இரண்டும் வந்து பற்றிக்கொள்ளும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று லாங்லி முடிவுகட்டினார். இன்று அதற்கு ஏற்பி என்று பெயர். செல்லின் மேலோ உள்ளேயோ இருக்கும், குறிப்பிட்ட சில மூலக்கூறுகளை மட்டும் ஏற்றுக்கொள்ளும் புரதம் அது.

பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிக்கோட்டின் அதில் நுழைந்து திருகித் திறந்துவிட்டது. இப்படிப்பட்ட மருந்து தூண்டி. க்யூராரே பூட்டுக்குள் நுழைந்தது, திருகவில்லை, வெளியேறவும் இல்லை. துளைக்குள் மாட்டிக்கொண்ட உடைந்த சாவியைப் போல, நல்ல சாவிக்கும் இடம் தராமல் உட்கார்ந்துகொண்டது. இது தடுப்பி. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் ஒரு தூண்டி. அதே பூட்டில் போய் உட்காரும் நாலக்சோன் ஒரு தடுப்பி. இந்த இணையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

பக்க விளைவு ஏன் வருகிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். ஒரே மாதிரிப் பூட்டு உடலில் பல கதவுகளில் இருக்கிறது. சால்ப்யூட்டமால் மூச்சுக்குழாயின் தசைகளைத் தளர்த்துவதற்காகக் கொடுக்கப்படுகிறது. அதே வகை ஏற்பிகள் கைகால் தசைகளிலும் இதயத்திலும் உண்டு. அதனால்தான் மருந்தை உள்ளிழுத்தவருக்குக் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மருந்து ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நோயாளி நினைப்பார். உண்மையில் மருந்து தன் வேலையைத்தான் செய்கிறது, வேண்டாத வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்துவிட்டது. இதைத் திருப்பிப் போட்டால் ப்ராப்ரனலால். இதயத்தின் வேகத்தைக் குறைக்கக் கொடுக்கப்படும் இந்தத் தடுப்பி மூச்சுக்குழாயின் பூட்டுகளையும் அடைத்துவிடும். “ஆஸ்துமா உண்டா?” என்று கேட்காமல் அந்த மாத்திரையை எடுத்து நீட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எல்லா மருந்துக்கும் பூட்டு தேவையில்லை. வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்து வெறும் வேதிவினைதான். நுண்ணுயிர்க் கொல்லிகள் குறிவைப்பது நம்மையல்ல, கிருமியை. பூட்டுகள் எல்லாம் நிரம்பிய பிறகு அளவைக் கூட்டுவதிலும் பலன் இல்லை; வேண்டாத கதவுகள்தான் இன்னும் நிறையத் திறக்கும்.

இதுவரை பார்த்தது: எண் என்பது எடை. மருந்து ஏற்பியில் அமர்ந்து தூண்டும் அல்லது தடுக்கும். அதே ஏற்பி வேறு இடத்திலும் இருந்தால் அங்கே எழுவது பக்க விளைவு.

வாயிலிருந்து ரத்தம் வரை ஒரு சுங்கச்சாவடி

விழுங்கிய மாத்திரை கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. அங்கிருந்து நேராக இதயத்துக்குப் போய்விடுவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். வருகிற சரக்கில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொள்ளும் சுங்கச்சாவடி மாதிரி, கல்லீரலின் நொதிகள் மருந்தில் ஒரு பகுதியை அங்கேயே சிதைத்துவிடுகின்றன. நொதி என்றால் உடலில் வேதிவினைகளை விரைவாக்கும் புரதம். இந்த முதல் சோதனையில் இழப்பதற்கு முதல் கடவுச் சிதைவு என்று பெயர்.

சில மருந்துகள் இந்தச் சாவடியில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. மார்ஃபினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தப்பித்து வெளியே வருகிறது. நெஞ்சுவலிக்குத் தரும் கிளிசரில் டிரைநைட்ரேட் கிட்டத்தட்ட முழுவதுமே அழிந்துவிடும். ஆகவே அதை நாக்கின் அடியில் வைக்கச் சொல்கிறோம். அங்குள்ள ரத்தக்குழாய்கள் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போய் இதயத்தை அடைகின்றன. பதற்றத்தில் நோயாளி அதை விழுங்கிவிட்டால் மருந்து கொடுத்ததாகப் பதிவேட்டில் இருக்கும், ரத்தத்தில் இருக்காது.

சிரை வழியே ஊசி போடும்போது சாவடியே கிடையாது. கொடுத்தது அத்தனையும் உள்ளே. (பேச்சு வழக்கில் இதை ‘நரம்பு ஊசி’ என்கிறோம். நரம்பில் ஊசி இறங்கினால் நோயாளி கத்திவிடுவார், இறங்குவது சிரையில். படிக்கும் காலத்திலேயே இந்தச் சொல்லை விட்டுவிடுவது நல்லது.) வாய்வழியாக 30 மி.கி. மார்ஃபின் எடுத்துவந்தவருக்கு இனி சிரை வழியே என்று ஆகும்போது அளவு சுமார் 10 மி.கி. ஆகிவிட வேண்டும். சீட்டில் வழி மட்டும் மாறி, எண் பழையபடியே இருந்தால் அங்கே நின்று கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்தால் மூன்று மடங்கு மருந்து போகும்.

என் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விழுங்க முடியாத ஒரு முதியவருக்கு மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய் போட்டிருந்தார்கள். வழக்கம்போல மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கல்லில் இட்டுப் பொடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று 12 மணி நேரத்துக்கு மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மார்ஃபின் மாத்திரை. அதன் மேல்பூச்சு நொறுங்கிய சத்தம் மற்ற மாத்திரைகளின் சத்தத்திலிருந்து வேறாக இருந்தது. ஈரமான நகத்தை வெட்டுவது போன்ற ஒரு மழுங்கிய ‘டக்’. பின்னால் நின்றிருந்த மூத்த செவிலியர் கையைப் பிடித்துவிட்டார். “என்ன செய்கிறாய் தெரியுமா? நாளெல்லாம் போக வேண்டியதை ஒரே வாயில் ஊட்டப் போகிறாய்,” என்றார். உரத்த குரலில்கூட இல்லை.

மெதுவாகக் கரையும் மாத்திரைகள், குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும் என்பதற்காகப் பூச்சுப் போடப்பட்ட மாத்திரைகள், இரண்டையும் பொடிக்கக் கூடாது. பெயருக்குப் பின்னால் வரும் SR, ER, EC போன்ற எழுத்துகள் இதைத்தான் சொல்கின்றன. சந்தேகம் இருந்தால் மருந்தாளுநரைக் கேளுங்கள்; திரவ வடிவம் பல மருந்துகளுக்கு உண்டு.

ஓட்டைக் குடம்

மருந்து ரத்தத்துக்குள் வந்துவிட்டது. அந்த நொடியிலிருந்தே உடல் அதை வெளியேற்றவும் தொடங்கிவிடுகிறது. கல்லீரல் உருமாற்றும், சிறுநீரகம் வடித்து அனுப்பும். அடியில் ஓட்டையுள்ள குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைய இருக்கும்போது அழுத்தம் அதிகம், வேகமாக ஒழுகும். குறையக் குறைய ஒழுக்கும் குறையும். உடலும் பெரும்பாலான மருந்துகளை இப்படித்தான் நடத்துகிறது: மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று நிலையான அளவில் வெளியேற்றாமல், அந்த நேரத்தில் இருப்பதில் இத்தனை பங்கு என்று வெளியேற்றும்.

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அரை ஆயுட்காலம். அட்ரினலினுக்கு அது சில நிமிடங்கள். பாராசிட்டமாலுக்கு 2 முதல் 3 மணி நேரம். இதய நோய்க்குத் தரும் டிஜாக்சினுக்கு ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள். தைராக்சினுக்கு சுமார் ஒரு வாரம். அமியோடரோனுக்கு வாரக் கணக்கு.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பேனாவை எடுத்து நீங்களும் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். ஒவ்வோர் அரை ஆயுட்காலத்துக்கு ஒரு முறை 100 பங்கு மருந்து கொடுக்கிறோம். முதல் முறை கொடுத்ததும் 100. அடுத்த முறை வருவதற்குள் 50 ஆகிவிடும். 100 சேர்த்தால் 150. அது 75 ஆகக் குறைந்து 175 ஆக ஏறும். பிறகு 187, அதற்கும் பிறகு 194. எவ்வளவு நாள் தொடர்ந்தாலும் 200-ஐத் தாண்டாது. ஏனென்றால் 200 இருக்கும்போது ஒழுகுவது 100, ஊற்றுவதும் 100. வரவும் செலவும் சமமாகும் இந்த நிலைக்கு நிலைத்த மட்டம் என்று பெயர். அதை நெருங்க நான்கு முதல் ஐந்து அரை ஆயுட்காலம் பிடிக்கும். நிறுத்தினால் முற்றாக வடியவும் அதே கணக்குதான்: 100, 50, 25, 12, 6, 3.

இந்த ஒரு கணக்கு எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். தைராக்சின் அளவை மாற்றிய பிறகு அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது ஏன்? ஒரு வாரம் பெருக்கல் ஐந்து, ஆக ஐந்து வாரமாவது கடக்க வேண்டும். மட்டம் நிலைத்தால்தானே அளக்க முடியும். டிஜாக்சினைச் சில வேளைகளில் முதல் நாளிலேயே பெரிய அளவில் கொடுப்பது ஏன்? ஒரு வாரம் காத்திருக்க நோயாளியின் இதயத்துக்கு நேரம் இல்லை. மேலே உள்ள கணக்கில் முதல் முறையே 200 ஊற்றினால் அது 100 ஆகக் குறையும், 100 சேர்த்தால் மீண்டும் 200. முதல் நாளிலேயே மட்டம் வந்துவிட்டது. இதற்கு ஏற்று அளவு என்று பெயர். விஷயம் தெரியாத ஒருவர் அந்த முதல் நாள் அளவையே இரண்டாம் நாளும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.

நோயாளி ஒரு வேளை மறந்துவிட்டார் என்பதற்காக அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுப்பது ஏன் தவறு என்பதும் இதிலேயே இருக்கிறது.

சிறுநீரகம் பழுதானால் குடத்தின் ஓட்டை அடைபடுகிறது. ஊற்றும் அளவு மாறவில்லை, மட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவரிடம் டிஜாக்சினின் அரை ஆயுட்காலம் நான்கைந்து நாள் வரைகூட நீளும். முதியவர்களிடம் இது சத்தமில்லாமல் நடக்கும். நேற்றுவரை சரியாக இருந்த அதே மாத்திரை, அதே அளவு; வாந்தி, உணவில் வெறுப்பு, பார்வையில் மஞ்சள் சாயல் என்று வந்து நிற்பார்கள். இன்னொரு மருந்தும் ஓட்டையின் அளவை மாற்றலாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைப் பெருக்கிவிடுவதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் விரைவாகச் சிதையும். கருத்தடை மாத்திரை பலனிழக்கும். ஐபுப்ரோஃபென் எதிர்த்திசையில்: மனநோய்க்குத் தரும் லித்தியம் வெளியேறுவதைத் தடுத்து அதன் மட்டத்தை ஏற்றிவிடும். வலிக்கு நோயாளி தாமாக வாங்கிப் போட்டுக்கொண்ட மாத்திரையையும் கேட்டு எழுதச் சொல்வது வெட்டி வேலை இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போனால் தப்பாகிவிடும். மருந்து ரத்தத்தில் இருக்கும் நேரமும் அதன் விளைவு நீடிக்கும் நேரமும் எப்போதும் ஒன்றல்ல. ஆஸ்பிரின் ரத்தத்தில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி உருமாறிவிடுகிறது. அதற்குள் அது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணு புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாது. அது வாழும் 7 முதல் 10 நாளும் முடங்கியே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு வருபவரிடம் கடைசியாக ஆஸ்பிரின் போட்டது எப்போது என்று நாள் கணக்கில் கேட்பது இதனால்தான்.

சுருக்கமாக: வாய்வழி மருந்து கல்லீரலில் ஒரு பங்கை இழக்கிறது. மிஞ்சியது ஒழுகும் குடத்தில் சேர்கிறது. நான்கைந்து அரை ஆயுட்காலத்தில் மட்டம் நிலைக்கிறது. சிறுநீரகம், கல்லீரல், உடன் எடுக்கும் மருந்துகள் மூன்றும் அந்த மட்டத்தை மாற்றும்.

வாசல் எவ்வளவு அகலம்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்: நஞ்சா இல்லையா என்பதை அளவே தீர்மானிக்கிறது. பழமொழி சொல்லாமல் விட்டது, எத்தனை மிஞ்சினால் என்பது. பலன் தொடங்கும் மட்டத்துக்கும் நச்சு தொடங்கும் மட்டத்துக்கும் இடையிலான வெளியைச் சிகிச்சை வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். பென்சிலினுக்கு அந்த வாசல் மாளிகைக் கதவு. ஒவ்வாமை இல்லாதவரிடம் கொஞ்சம் கூடிப்போனாலும் இடிக்காது. லித்தியத்துக்கு அது குறுகிய சந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, 1.5-ஐத் தாண்டினாலே கை நடுக்கமும் குழறலும் தொடங்கும். டிஜாக்சின், வார்ஃபரின், ஜென்டமைசின், ஃபெனிடாயின் எல்லாம் சந்து வகைதான். இவற்றுக்கு மட்டும் ஏன் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, டிஜாக்சினுக்கு முன்னால் மட்டும் ஏன் இதயத்துடிப்பை முழு நிமிடம் எண்ண வேண்டும் என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பெரியவர்களிடம் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் பொதுவாக அந்த வேளை மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அகலமான வாசலிலும் ஓர் ஆபத்து உண்டு: பயம் இல்லாமல் போவது. பாராசிட்டமாலின் வழக்கமான உச்ச வரம்பு பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம். காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, வலி மாத்திரை என்று மூன்று பெயர்களில் அதே பொருள் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். அளவு மீறியவர் முதல் நாள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். கல்லீரல் சேதம் அதன் பிறகே வெளிப்படும். அசிட்டைல்சிஸ்டைன் என்ற முறிமருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் சிறப்பாக வேலை செய்யும். “நன்றாகத்தானே இருக்கிறார்” என்று திருப்பி அனுப்புவது அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1957-இல் விற்பனைக்கு வந்து 1961-இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடமைடு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உறுப்புக் குறைகளுடன் பிறக்கவைத்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

சீட்டில் இருக்கும் குழிகள்

மருந்து எழுதுவது மருத்துவர் வேலை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் போன்ற நாடுகளில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களே மருந்து எழுதுகிறார்கள். எழுதாத இடங்களிலும், எழுதப்பட்டது நோயாளியின் உடலுக்குள் போவதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் கண் செவிலியருடையது.

சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது புள்ளிகளை. 1.0 மி.கி. என்று எழுதினால் புள்ளி மங்கும்போது 10 ஆகும். .5 என்று எழுதினால் 5 ஆகும். ஆகவே முழு எண்ணுக்குப் பின்னால் சுழியம் கூடாது, புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம். இன்சுலினில் ‘யூனிட்’ என்பதை அதன் முதல் ஆங்கில எழுத்தாக மட்டும் சுருக்கினால், அவசரக் கையெழுத்தில் அது சுழியம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். மைக்ரோகிராமைச் சுருக்கி எழுதினால் மில்லிகிராமாகப் படிக்கப்பட்டு ஆயிரம் மடங்கு பிழை வரும். முழுச் சொல்லாக எழுதச் சொல்லுங்கள். எழுதியவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தொலைபேசியில் வரும் உத்தரவை எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக்காட்டி உறுதி பெற வேண்டும். எண்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்: “ஒன்று, ஐந்து, பதினைந்து.” ஹைட்ராலசைன் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசைன் அரிப்புக்கு, காதில் விழும்போது இரண்டும் அக்காள் தங்கை.

பிறகு கணக்கு. சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: வேண்டிய அளவை, கையில் இருக்கும் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் திரவத்தால் பெருக்க வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால். ஆக 180 மி.கி. கையில் இருக்கும் சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றால், 180 வகுத்தல் 120 பெருக்கல் 5, விடை 7.5 மி.லி. மறுநாள் வேறு நிறுவனத்தின் பாட்டில் வருகிறது, அதில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இப்போது தேவை 3.6 மி.லி. பழைய நினைவில் அதே 7.5 மி.லி.யை ஊற்றினால் குழந்தைக்குப் போவது 375 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேல். அம்மாவிடம் “ஒன்றரை ஸ்பூன் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு அரைகுறையான அறிவுரை என்பது இதில் தெரியும்.

விகிதத்திலும் சதவீதத்திலும் எழுதியிருந்தால் கிராமிலிருந்து தொடங்குங்கள். ஆயிரத்தில் ஒன்று அட்ரினலின் என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம். அதாவது 1 மி.லி.யில் 1 மி.கி. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 1 மி.லி.யில் 0.1 மி.கி. எண் பெரிதாகும்போது மருந்து நீர்த்துப்போகிறது. 2 சதவீத லிக்னோகெய்ன் என்றால் 100 மி.லி.யில் 2 கிராம், மி.லி.க்கு 20 மி.கி.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் எல்லா மாணவர்களும் ஒப்பிப்பார்கள். ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றும் கையால் செய்யும் ஒரு செயலாக மாற வேண்டும். “நீங்கள்தானே 12-ஆம் படுக்கை?” என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். “உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்வதைக் கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். லேபிளை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, சிரிஞ்சில் ஏற்றும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை படிக்க வேண்டும்.

அடர் பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் சிரையில் நேரடியாகச் செலுத்தவே கூடாது. இதயம் நின்றுவிடும். அந்த ஆம்பியூல் சுத்திகரித்த நீர் ஆம்பியூலைப் போலவே இருப்பதால்தான் பல மருத்துவமனைகள் அதைப் பொது வார்டு அலமாரியிலேயே வைப்பதில்லை. இன்சுலின், ஹெப்பாரின், மார்ஃபின் வகைகளுக்கு இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். உங்கள் விடையைச் சொல்லிவிட்டு “சரிதானே?” என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது.

மருந்து போன பிறகு

கையெழுத்துப் போட்டதும் வேலை முடிந்தது என்ற எண்ணம்தான் எனக்குத் தெரிந்து மாணவர்களிடம் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருப்பது. ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று வந்தால் அது தீவிர ஒவ்வாமை. முதல் மருந்து அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்புறத் தசையில். உறைக் குறிப்பைத் தேடும் நேரமல்ல அது. அளவு மனப்பாடமாக இருக்க வேண்டிய ஒரு சில இடங்களில் இது ஒன்று.

மற்றொரு காட்சி. மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரைகளை அதிகமாக எடுத்துக்கொண்ட ஒருவர். கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கிவிட்டது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நாலக்சோன் சிரையில் போகிறது. உடைந்த சாவி பூட்டுகளில் ஏறி உட்கார, ஒன்றிரண்டு நிமிடங்களில் அவர் கண் திறக்கிறார், தண்ணீர் கேட்கிறார். கூடியிருந்தவர்களுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. மருத்துவர் அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார். வீட்டுக்கு எப்போது அழைத்துப் போகலாம் என்று உறவினர் கேட்கத் தொடங்கிவிட்டார்.

நாலக்சோனின் அரை ஆயுட்காலம் சுமார் ஒரு மணி நேரம். வயிற்றிலிருக்கும் மாத்திரைகள் இன்னும் பல மணி நேரம் கரைந்துகொண்டே இருக்கும். இரண்டு கோடுகளையும் மனதில் வரைந்து பார்த்த செவிலியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படுக்கையருகே உட்காருகிறார். இரண்டாவது ஆம்பியூல் தட்டில் தயாராக இருக்கிறது. நாற்பதாவது நிமிடம் நோயாளி பேச்சின் நடுவே கண்ணயர்கிறார். உறவினர் “களைப்பு, தூங்கட்டும்” என்கிறார். செவிலியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுகிறார்: ஒரு முழு நிமிடத்துக்கு, எட்டு.